'பதேர் பாஞ்சாலி'யின் துர்கா: உமா தாஸ்குப்தா

நம் சங்கத்து மலருக்கு இக்கொல்கத்தா நகரத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். உமா தாஸ்குப்தாவை எழுத வாய்த்ததைப் பேறாகவே கருதுகிறேன். சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி' படத்துக்காகப் பட்ட பாடும் 1956-இல் கான் விழாவில் அது பெற்ற சிறப்பும் இம்மலரைப் படிப்போர் அறிந்தவை. 1955 ஆகஸ்டில் அது திரையிடப்பட்ட பசுஸ்ரீ அரங்கு, லேக் மார்க்கெட் தமிழருக்கு நடந்துபோகும் தொலைவுதான். ஆகவே துர்காவாக நடித்த சிறுமிக்கே வருகிறேன்.

சிலம்பின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் முன் ஆடுகிறாள். ஆடலாசான் முதல் யாழாசான் வரை அவளை உருவாக்கிய ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளும் பிள்ளைகளைப் பாட்டிலும் வசனத்திலும் நாள்தோறும் பழக்கியே மேடையேற்றின. உமாவுக்கு வாய்த்ததோ பள்ளி நாடகப் பழக்கம் மட்டுமே. ஆயினும் அவர் நடிப்பில் மெய்ப்பாடு குறைவுபடவில்லை. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களில் பிறரால் இழிவுபடுதலையும் வறுமையையும் தொல்காப்பியர் சேர்த்துவைத்தார். மணிமாலையைத் திருடியதாகப் பழிசுமந்து, தாயின் கையால் முடியிழுபட்டு வாசலுக்குத் தள்ளப்படும் துர்காவிடம் இவ்விரண்டும் ஒருசேர வந்து நிற்கின்றன. மெய்ப்பாட்டியலுக்கு இதனினும் தெளிந்த உரையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாம் கொலு வைக்கும் நாள்களில் வங்காளிகளின் துர்க்கை, பிள்ளைகளோடு பிறந்தகம் வரும் மகள். விஜயதசமியன்று விடைபெற்றுப் போகிறவள். இந்த உணர்வோடு பார்த்தால்தான், ஊர் திரும்பும் தந்தை ஹரிஹர் மகளுக்கென வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டும் கட்டம் முழுதாக விளங்கும். மகள் இறந்துவிட்டாள், தாய் சர்வஜயா கதறுகிறாள். அக்கதறலின் குரல் நம் காதில் விழாதபடி, அதனிடத்தில் தார்ஷெனாயை ஒலிக்கவிட்டார்கள். பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்தில், மாலவன்பின் போய்விட்ட மகளைக் காணாமல் வீடு வெறிச்சோடக் கலங்கும் தாயை ஆழ்வார் பாடுகிறார். அந்தத் தாய்க்காவது மகள் சென்று சேர்ந்த இடம் பரமனிடம் என்ற ஆறுதல் உண்டு. சர்வஜயாவுக்கு அதுவும் இல்லை.

படப்பிடிப்பு 1952 அக்டோபரில் நாணற்பூக்காட்டில் தொடங்கியது. மறுவாரம் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூக்காலத்துக்குக் காத்திருந்தார்கள். பணமின்றியும் வேலை நின்றது. அத்தனை இடைவெளியிலும் துர்காவின் தோற்றம் மாறிப்போகாததை ரே அற்புதமாகவே நினைத்தார்.

உலகம் போற்றிய பின்னும் உமா நடிப்பைத் தொழிலாகக் கொள்ளவில்லை. ஜாதவ்பூர் வித்யாபீடத்தில் 1984 முதல் 2000 வரை ஆசிரியராகப் பணியாற்றினார். கீதை உரைக்கும் பற்றற்ற வினைக்கு இவ்வாழ்வைச் சான்றாகச் சொல்வேன். பெற்ற புகழை விலைபேசாமல் வகுப்பறைக்குப் போனவரை நினைக்க நெஞ்சு நிமிர்கிறது. 2024 நவம்பர் 18 அன்று, 84-ஆம் வயதில், இந்நகரிலேயே மறைந்தார்.

பிள்ளைகளைப் பாட்டுப் போட்டிக்கும் நடனப் போட்டிக்கும் தொலைக்காட்சி வாசலுக்கும் அழைத்தோடும் நம் பெற்றோர், பரிசு கிடைத்த மறுநாளும் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புக. வரும் சரஸ்வதி பூஜைக்குச் சங்க மண்டபத்தில் இப்படத்தைத் திரையிட்டு, அப்போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள் அனைவரையும் முன்வரிசையில் அமர்த்துமாறு நிர்வாகிகளை வேண்டுகிறேன்.