சாயவேரும் மருதோன்றியும்

நரைத்த தலையைக் கறுப்பாக்கக் கருதி ஒருவர் மருதோன்றி இலையை அரைத்துப் பூசுகிறார். கழுவிப் பார்க்கையில் தலை பனங்களியின் நிறம் பெற்றிருக்கிறது. வேறொருவர் அவுரித் தூளை மட்டும் குழைத்துப் பூசினார். அவருக்குக் கிட்டியது பாசி படிந்தாற்போன்ற ஒரு பச்சைநீலம். மூன்றாமவர் மருதோன்றியைத் தேயிலைச் சாயத்தில் குழைத்து, இரும்புத் தாச்சியில் இரவு முழுதும் வைத்திருந்தார். அவர் தலையோ கபில நிறமாயிற்று. இலை பொய்த்ததா, கை பிழைத்ததா என்று மூவரும் ஐயுறுவது இயல்பே. இரண்டும் அன்று. இலைக்குள் இருப்பது நிறத்தின் ஒரு பாதிதான். நீரும் காற்றும் உலோகமும் மறுபாதியைக் கொணர்கின்றன. வேதியியல் ஒரு கல்வித்துறையாக வளர்வதற்கு நெடுங்காலம் முன்னரே இதை நன்கறிந்திருந்தவர்கள் துணிக்குச் சாயமிட்ட தொழிலாளர். அவர்களுக்கு மூலப்பொருள் ஈந்த நிலங்களுள் யாழ்ப்பாணத்துத் தீவுகளும் அடங்கும்.

ஊர்காவற்றுறைக்கு மேற்கே கடலில் கிடக்கும் எழுவைதீவு, பனையும் சுண்ணக்கல்லும் கொண்ட சிறு நிலத்துண்டு. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. எழுவைதீவு ஹோர்ண் ஆயிற்று. டெல்ப்ற் என்னும் பெயர் இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்க, ஹோர்ண் பழைய வரைபடத்தோடு நின்றுவிட்டது. பெயர் சூட்டியவர்கள் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னார்க் கரையிலும் தேடிய பொருள்களுள் ஒன்று சாயவேர்.

இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு பூண்டு, கரையோர மணற்பாங்கில் தானே முளைப்பது. மேலே பார்த்தால் பொருட்படுத்தத் தக்கதாகவே தோன்றாது. மண்ணுள் நெடிது இறங்கும் மெல்லிய வேரின் பட்டையிலேதான் செஞ்சாயம் இருக்கிறது. ஒல்லாந்தக் கும்பனி இவ்வேரைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. வேர் தோண்டுதல் ஒரு சாராரின் மேல் சுமத்தப்பட்ட கட்டாயக் கடமை. தோண்டிய வேருக்கு விலை குறிப்பதும் கும்பனியே. யாழ்ப்பாணத்தில் கொம்மாந்தராக இருந்த சுவார்தெக்ரூன் 1697-இல் எழுதிவைத்த குறிப்புரையிலும் சாயவேர் விவகாரம் இடம்பெறுகிறது. செந்நிறத் துணிகளின் அழகை வியந்தவர்களில் எத்தனை பேர் வெயிலில் குனிந்து மணலைக் கிளறிய அம்மக்களை எண்ணியிருப்பர்?

இனி, அவ்வேரைச் சாயக்காரர் பயன்படுத்திய முறையைக் காண்போம். வெள்ளைத் துணியை முதலில் கடுக்காய் நீரில் தோய்ப்பர். பின்பு, சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவர். கறுக்க வேண்டிய இடத்துக்குத் துருப்பிடித்த இரும்பைக் கருப்பட்டி கலந்த நீரில் பல நாள் ஊறவிட்டு எடுத்த நீர். அது கடுக்காயைத் தொட்டதும் கறுத்துவிடும். எழுதும் மையை முன்னோர் செய்ததும் இவ்வகைக் கூட்டினால்தான். படிகாரம் பட்ட இடமோ வேர்ச்சாற்றில் வேகும்போதுதான் சிவப்பேறும். துணி ஒன்று, கொப்பரை ஒன்று, வேரும் ஒன்று. வெளிவரும் நிறங்களோ வேறு வேறு. எகிப்தியர் இவ்வாறே ஒரு கொப்பரையிலிருந்து பல நிறங்களை எடுத்த வியப்பை உரோம நூலாசிரியரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். தமிழகத்தில் வாழ்ந்த கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரரிடம் கேட்டறிந்த இம்முறையை 1742-இல் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார்.

துணிக்கு உரிய இந்நியதி மயிருக்கும் பொருந்தும். மருதோன்றி இலையின் சாயப்பொருளுக்கு லோசோன் என்று பெயர். மயிரின் புரதத்தோடு அது இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் இயல்பான நிறம் செம்மஞ்சள். கருமையை அது தானாகத் தருவதில்லை. மயிரில் உள்ள கருமையை நீக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆகவே கருங்கூந்தலில் வெயில் படும்போது மட்டும் ஒரு செம்மை மினுங்கும். வெண்மயிரிலோ சாயம் முழுமையாக வெளிப்படும். பூசிய அன்று பளிச்சென்று தெரியும் நிறம், காற்றுப்பட்டு இரண்டொரு நாளில் ஆழ்ந்து அடங்கும். இதை அறியாது முதல்நாளே மனமுடைந்து வேறு சாயத்தை மேலே பூசுவோர்தாம் பெரும்பாலும் தொல்லைப்படுகின்றனர். அவுரியின் கதை வேறு. அதன் இலையில் நீலம் மறைந்து கிடக்கிறது. நீர்பட்டு நொதித்து, காற்றோடு கூடிய பின்னரே தோன்றுகிறது. வெண்மயிரில் தனியே பூசினால் பச்சையும் நீலமும் தட்டும். மருதோன்றியால் சிவந்த மயிரின்மேல் பூசினாலோ, சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று விழுங்கிக் கருமை பிறக்கும். நெல்லிக்காயும் கடுக்காயும் இரும்புச் சட்டியில் கறுப்பது, சாயக்காரரின் இரும்புநீர் கறுத்த அதே காரணத்தால்.

தீவுப்பகுதிகளில் தண்ணீரையும் கணக்கில் கொள்ளவேண்டும். சுண்ணக்கல்லில் ஊறும் கிணற்றுநீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. வெண்படிவு ஒன்று மயிரில் ஒட்டி அதன் ஒளியை மங்கச்செய்யும். சாயவேரின் செம்மை துணியில் நன்கு பிடிப்பதற்கோ அதே சுண்ணம் துணைசெய்வது! கடலும் வெயிலும் செய்யும் வேலையும் சிறிதன்று. நாள் முழுதும் கடலில் தொழில் செய்வோரின் தலைமயிர் செம்பட்டை பாய்வதற்கு எந்தப் பூச்சும் வேண்டியதில்லை. கதிரொளியே மயிரின் கருமையைச் சிதைத்துவிடுகிறது.

இயற்கை என்ற சொல்லை மட்டும் நம்பிவிடுவதற்கில்லை. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் ஈயக் காரையும் சுண்ணாம்பும் கலந்து பூசி நரையைக் கறுப்பாக்கினர். மயிரிலுள்ள கந்தகத்தோடு ஈயம் கூடி நுண்ணிய கரும்பளிங்குகளாகப் படிவதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2006-இல் விளக்கிக் காட்டினர். ஈயமும் மண்ணிலிருந்து எடுப்பதே; ஆயினும் நஞ்சு. அட்டைகளை அழுகவைத்துச் செய்த ஒரு கருஞ்சாயத்தைப் பிளினி குறிப்பிடுகிறார். பூசும்போது பற்கள் கறுத்துவிடாதிருக்க வாயில் எண்ணெயை வைத்துக்கொள்ள வேண்டுமாம். அக்காலத்தவரும் எதிர்பாராத நிறத்துக்கு அஞ்சியே இருந்திருக்கின்றனர்.

ஐரோப்பிய ஆய்வுசாலைகள் இக்கதையைத் திசைதிருப்பின. 1856-இல் பேர்க்கின் என்னும் இளைஞர் கரிக்கீலிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் கண்டார். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ஜேர்மானியர், சாயவேரிலும் உள்ள அலிசரின் என்னும் செம்பொருளைச் செயற்கையாக ஆக்கினர். மணலைக் கிளறி எடுத்த வேருக்கு அதன்பின் சந்தை ஏது? 1863-இல் ஹொப்மன் கண்டறிந்த பரா-பெனிலீன் டையமீன் என்ற பொருளோ பின்னர் தலைமயிர்ச் சாயங்களின் உயிர்நிலையாயிற்று. அது விரைவில் கறுக்கும். சிலரின் தோலைக் கொப்புளிக்கவும் வைக்கும். அதைக் கொண்ட ஓர் இமைச்சாயத்தால் 1933-இல் அமெரிக்கப் பெண்ணொருத்தி பார்வையிழந்தாள். 1938-இல் அந்நாட்டில் அழகுப்பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் எழுந்ததற்கு இத்தகைய கேடுகளும் காரணம்.

அப்பொருளைக் கலந்து ‘கறுப்பு மருதோன்றி’ என்ற பெயரில் விற்கும் பொதிகள் இன்றும் சந்தையில் உண்டு. உலோக உப்புகள் கலந்த பொதிகளும் உண்டு. அவற்றைப் பூசிய தலையில் பின்னர் வெளிறவைக்கும் மருந்து பட்டால் மயிர் சூடேறி முறியவும், பச்சை பாயவும் கூடும். மணிக்கணக்கில் ஊறிச் செம்மையே தருவது மெய்யான மருதோன்றி. சிறிது நேரத்தில் கரிபோலக் கறுப்பது வேறொன்று. ஐயமிருப்பின், சீப்பில் கழன்ற நரைமயிர் சிலவற்றை நூலால் கட்டி, பூசக் கருதிய அதே கலவையில், வீட்டுக் கிணற்று நீரையே கொண்டு தோய்த்து, இரண்டு நாள் காற்றாட வைத்துப் பார்க்கலாம். காதின் பின்புறத்தில் சிறிது தடவி, அவ்விரண்டு நாளும் தோல் சிவக்கிறதா, அரிக்கிறதா என்றும் கவனித்துக்கொள்ளலாம்.