மூச்சு முட்டினால் செல் என்ன செய்யும்?

சிறுநீரகம் பழுதான நோயாளி இருக்கும் வீடுகளில் 'ஈ.பி.ஓ. ஊசி' என்ற பெயர் அடிபடும். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஈ.பி.ஓ. என்பது பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கும் ஹார்மோன். சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குத் தகவல் கொடுக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அது கூடுதலாகச் சுரக்கும். குறைந்தது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

1992-ல் அமெரிக்காவில் கிரெக் செமன்சாவும் குவாங் வாங்கும் 'ஹிஃப்-1' என்ற புரதத்தைக் கண்டார்கள். 2001-ல் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியாக மீதிப் புதிரை அவிழ்த்தன. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், ஹிஃப் மேல் ஒரு வேதி முத்திரை விழும். உடனே அது அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை இல்லை, ஹிஃப் பிழைத்துக்கொள்ளும். ஈ.பி.ஓ., புது ரத்தக் குழாய், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பது என்று வரிசையாக மரபணுக்களை முடுக்கிவிடும். 2019 நோபல் பரிசு செமன்சா, கேலின், ராட்கிளிஃப் மூவருக்கும் இதற்காகத்தான்.

அப்படியும் சமாளிக்க முடியாவிட்டால்? செல் தன்னையே ஒழுங்காக முடித்துக்கொள்ளும். 1972-ல் கெர், வில்லி, கரி மூவரும் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வது என்று பொருள். ஒரு சின்னப் புழுவின் உடலில் உருவாகும் 1,090 செல்களில் 131 இப்படிக் கணக்காக உதிர்கின்றன!

சிக்கல் புற்றுநோயில். கட்டியின் நடுவே ஆக்சிஜன் குறைவு. அங்கே 'பி53' என்ற காவல் புரதம் சரியாக உள்ள செல்கள் உதிர்ந்துவிடும், அது கெட்டுப்போனவை தப்பித்துப் பெருகும் என்று 1996-லேயே காட்டினார்கள். ஹிஃப்பும் கட்டிக்கு ரத்தக் குழாய் போட்டுக் கொடுத்துவிடும்.

அதனால் இன்று மருந்துகள் இரண்டு திசையில் போகின்றன. 2021-ல் அமெரிக்கா அனுமதித்த பெல்சுடிஃபான், ஹிஃப் குடும்பத்துப் புரதம் ஒன்றைத் தடுக்கிறது. 2022-ல் இந்தியாவில் வந்த டெசிடுஸ்டாட் மாத்திரையோ ஹிஃப்பை அழியாமல் காக்கிறது. அதைத் தயாரிப்பது நான் குடியிருக்கும் அகமதாபாத்தின் சைடஸ்.

ஊரிலிருந்து சித்தப்பா போனில், "ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறலாமாடா?" என்று கேட்டார். "டாக்டர்தான் சொல்லணும் சித்தப்பா. ஆனா எப்பவாவது கட்டி, கேன்சர்னு ஏதாவது இருந்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க" என்றேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.