வெள்ளிக் கம்பியும் செப்புக் கம்பியும்

கரோல் பாகில் வாழும் தமிழருக்கு, வெள்ளிக் கடைகள் நிறைந்த பாங்க் ஸ்ட்ரீட்டும், மின்சாதனங்கள் குவிந்து கிடக்கும் கப்பார் மார்க்கெட்டும் புதியன அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிட நடைதான். இவ்விரு கடைத்தெருக்களையும் முடிச்சிட்டுப் பார்க்கும் ஆசை இசையன்பர் சிலருக்கு உண்டு. ஆம்ப்ளிபயரிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் செப்புக் கம்பியை நீக்கிவிட்டு வெள்ளிக் கம்பியைப் பூட்டினால், தம்புராவின் நாதம் மேலும் துலங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டி தந்த வெள்ளிக் கிண்ணத்தை உருக்கிவிடலாமா என்று எண்ணுவாரும் இருக்கக்கூடும்.

வெள்ளியைக் கம்பியாக இழுப்பது நம் நாட்டில் பழைய தொழில். காஞ்சிப் பட்டின் சரிகை வேறென்ன? எஃகுத் தகட்டின் துளைகளில் மீண்டும் மீண்டும் இழுத்து மயிரிழையாக்கிய வெள்ளியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன் முலாம் பூசுகின்றனர். சூரத் நகரம் இத்தொழிலில் பேர்பெற்றது.

மின்சாரத்தைக் கடத்துவதில் உலோகங்களுள் வெள்ளியே முதன்மையானது என்பதும் மெய்தான். ஆனால் செம்பைவிட எவ்வளவு மேல்? நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. ஒலிபெருக்கி ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி, போக வர, ஏறத்தாழ 0.11 ஓம் தடை தரும். வெள்ளியாயின் அத்தடை ஓர் ஓமில் நூற்றிலொரு பங்குகூடக் குறையாது. ஒலிபெருக்கியின் தடையோ பெரும்பாலும் 8 ஓம்! இரண்டு பெட்டிகளுக்கும் வேண்டிய வெள்ளி முந்நூறு கிராமுக்கு மேல். சற்றே பருத்த செப்புக் கம்பி சில ரூபாயில் அதே பயனைத் தந்துவிடும். வானொலி அலைபரப்பிகளின் சுருள்களுக்கு வெள்ளி முலாம் பூசுவது வேறு கதை. அங்கே மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுகிறது.

வரலாற்றிலேயே மிகப் பெரிய அளவில் வெள்ளி மின்கடத்தியாகப் பயன்பட்ட நிகழ்ச்சியும் வெள்ளியின் மேன்மை கருதி நேர்ந்ததன்று. 1942 இல் அமெரிக்கர் அணுகுண்டு முயற்சியில் இறங்கினர். யுரேனியத்தைப் பிரிக்க டென்னஸி மாநிலத்து ஓக் ரிட்ஜில் மாபெரும் மின்காந்தங்கள் தேவைப்பட்டன. செம்போ பீரங்கிக் குண்டுகளுக்கே போதவில்லை. ஆகவே கர்னல் நிக்கல்ஸ் என்பவர் கருவூலத்துக்குச் சென்று ஆயிரக்கணக்கான டன் வெள்ளியைக் கடனாகக் கேட்டார். வெள்ளியை டன்னில் அளப்பதா என்று கருவூலத்தார் திகைத்தனராம். அவர்கள் கணக்கு அவுன்ஸில்! முடிவில் பதினாலாயிரம் டன்னுக்கு மேல் வெளிவந்தது. அதனைப் பட்டைகளாக்கிக் காந்தங்களில் சுற்றினர். அங்கே பிரித்தெடுத்த யுரேனியமே 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவை அழித்தது.

அதே போரின்போது நம் ரூபாயிலும் வெள்ளி தேய்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளி 1940 இல் பாதியாயிற்று. 1947 இல் நிக்கல் ரூபாய் வந்தது.

போர் முடிந்தபின் ஓக் ரிட்ஜில் வெள்ளிப் பட்டைகளை அகற்றிச் செம்பையே வைத்தனர். பட்டறைகளின் தரைப் பலகைகளையும் எரித்து, சிந்திய வெள்ளியைச் சேகரித்தனர். கடனின் கடைசிப் பகுதி 1970 இல் கருவூலம் சேர்ந்தது.