வெட்டுமுன் கையில் ஒரு கல்லீரல்

முப்பரிமாண அச்சில் கல்லீரல் என்றதும், பழுதான ஈரலுக்குப் பதிலாகப் பொருத்துவதா என்று என்னிடம் கேட்கிறார்கள். இல்லை. இது சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கையில் வைத்துப் பார்க்கும் மாதிரி.

கல்லீரலுக்குள் குருதிக்குழாய்கள் கிளைக்கும் விதம் ஆளுக்காள் வேறுபடும், வெளியே தெரியாது. உயிருடன் இருப்பவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து மற்றவருக்குப் பொருத்தும்போது, வெட்டு விழும் இடத்தில் இரண்டு உயிர்கள் தங்கியிருக்கின்றன.

சீ.ரி. ஸ்கான் படங்களில் ஈரல், குருதிக்குழாய்கள், பித்தக்கான் ஆகியவற்றைக் கணினியில் தனித்தனியே பிரித்து, படை படையாக அச்சிடுகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் வைத்தியர்கள், கொடையாளர் மூவர், பெறுநர் மூவரின் ஈரல்களை ஒளி புகும் பொருளில், குழாய்களுக்கு நிறமிட்டு அச்சிட்டு, 2013இல் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான உறுப்புடன் ஒப்பிட்டபோது சராசரி வித்தியாசம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. நோயாளிக்கு விளக்கவும் இத்தகைய மாதிரி உதவும்.

ஆனால் ஸ்கான் தெளிவில்லையென்றால் மாதிரியும் பிழைக்கும். ஈரலுக்கு அருகே ஷெல் துண்டு இருந்தால், சீ.ரி. படத்தில் கோடுகள் விழுந்து அவ்விடம் மறைபடலாம். எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இரும்புத் துண்டு அசையவும் கூடும். எங்களில் பலர் இன்றும் துண்டுகளுடன் வாழ்கிறோம். எந்த ஸ்கானுக்கும் முன், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.