பனிக்கும் சாகாத புழுக்கள்

சனிக்கிழமை காலைகளில் நான் குதிரை லத்தி அள்ளுகிறேன். வாரம் முழுக்க மாண்ட்ரியலில் கணினி முன் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவனுக்கு இந்த வேலை மகளால் வாய்த்தது. நகருக்கு மேற்கே செயின்ட் லாசார் பக்கம் குதிரைப் பண்ணைகள் அதிகம். அங்கே ஒரு லாயத்தில் அவள் குதிரையேற்றம் கற்கிறாள். பாடம் முடியும்வரை காரில் சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம், லாயத்தை நடத்தும் அம்மையார் ஒருநாள் வாருகோலையும் தள்ளுவண்டியையும் கொடுத்தார். "குடற்புழுவுக்குத்தான் மருந்து இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். எனக்குக் கிடைத்த பதிலும், அதன்பின் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

மேய்கிற குதிரை எதுவானாலும் அதன் குடலில் கொஞ்சம் புழு இருக்கும். இன்று அதிகம் கவலை தருபவை சயத்தோஸ்டோமின் எனப்படும் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள். இவற்றின் முட்டைகள் லத்தியோடு வெளியே வருகின்றன. வெப்பமும் ஈரமும் சரியாக அமைந்தால் ஓரிரு வாரங்களில் முட்டை பொரிந்து, லார்வா மூன்றாம் நிலையை எட்டிவிடும். பிறகு மழை ஈரத்தில் நகர்ந்து புல்லில் ஏறிக் காத்திருக்கும். புல்லோடு குதிரையின் வயிற்றுக்குள் போனதும் குடற்சுவரில் புகுந்து, கூடு கட்டி, மாதக்கணக்கில் உறங்கும். குளிர்காலத்தின் கடைசியில் அவை திரளாக ஒரே சமயத்தில் விழித்து வெளியே வந்தால் குடல் புண்ணாகிக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். அந்நிலைக்கு வந்த குதிரைகளில் பாதிவரை இறந்துபோகலாம். இந்த லாயத்திலும் மூன்று வயதுக் குதிரை ஒன்று ஒரு மார்ச் மாதத்தில் அப்படித்தான் போயிற்று.

"மைனஸ் 25 பாகைக் குளிரில் புழு எப்படிப் பிழைக்கும்?" என்பது என் அடுத்த கேள்வி. மூன்றாம் நிலை லார்வா எதையும் உண்பதில்லை. ஓர் உறைக்குள் இருந்துகொண்டு, உடம்பில் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்தே உயிர் வாழ்கிறது. குளிரில் செலவு குறைவு. போதாததற்குப் பனி மேலே போர்வையாகக் கிடக்கிறது. உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடந்தால்தான் அதற்குக் கஷ்டம். உண்மையில் அதன் எதிரி வெயில். சூட்டில் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஈரமில்லாவிட்டால் காய்ந்தும் போகும். நம்மூர்க் கத்திரி வெயில் செய்யும் வேலையைக் கியூபெக்கின் ஜனவரி செய்யாது.

மருந்தின் கதைக்கு வருவோம். 1966ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஆய்வாளர்கள், எல்லாக் குதிரைக்கும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தார்கள். குடலுக்குச் செல்லும் ரத்தக்குழாயைச் சிதைக்கும் பெரிய ஸ்ட்ராங்கைல் புழுதான் அன்றைய எமன். அது வெகுவாகக் குறைந்தது. எண்பதுகளில் ஐவர்மெக்டின் வந்தது. அதைத் தந்த சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்ப்பெல் இருவருக்கும் 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாள்காட்டி பார்த்து எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்ததில், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகின. சிறு ஸ்ட்ராங்கைல்களில் பெரும்பாலானவை பழைய பென்சிமிடசோல் மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. குட்டிகளைத் தாக்கும் பெரிய உருளைப்புழு ஐவர்மெக்டினுக்கும் அடங்கவில்லை என்று 2003ல் கனடாவின் ஒண்டாரியோவிலிருந்தே செய்தி வந்தது. ஐவர்மெக்டின் குடும்பத்துக்குப் பிறகு, குதிரையின் உருளைப்புழுக்களுக்கு எதிராக முற்றிலும் புதிய வகை மருந்து வரவில்லை. இருப்பதையும் இழந்தால் கைவசம் வேறெதுவும் இல்லை.

ஆகவே இன்று முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். லத்தியைக் கரைத்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணுவது மக்மாஸ்டர் முறை. (ஹாமில்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் சிட்னியிலிருந்த ஆய்வகத்தினுடையது.) ஒரு மந்தையில் ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகளே சுமார் எண்பது சதவீத முட்டைகளைப் போடுகின்றன. வளர்ந்த குதிரைகளுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை அடிப்படை மருந்து. அதற்கு மேல், அதிகம் முட்டை போடுபவற்றுக்கு மட்டும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணினால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். மற்றக் குதிரைகளிலும் புல்லிலும் மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் இருக்கட்டும் என்று தெரிந்தே விடுகிறார்கள். அவை கலந்து பெருகும்வரை எதிர்ப்புப் பெற்றவை தனி ராஜ்ஜியம் நடத்த முடியாது. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: குடற்சுவரில் உறங்கும் லார்வாக்கள் இந்த எண்ணிக்கையில் சிக்காது. குட்டிகளுக்கான அட்டவணையும் வேறு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மிச்ச வேலை நிலத்தில். வாரம் இருமுறை லத்தியை அள்ளிவிட்டால், லார்வா புல்லேறுமுன் பெரும்பகுதி போய்விடுகிறது. அள்ளியதைக் குவித்து மக்கவைத்தால் உள்ளே எழும் சூட்டில் முட்டையும் லார்வாவும் சாகும். பச்சையாக வயலில் பரப்புவது புழுவை விதைப்பதற்குச் சமம். லத்தியைக் கிளறி உலர்த்துவதானால் வறண்ட கோடையில் மட்டும் செய்து, நிலத்தைச் சில வாரம் ஆறப்போட வேண்டும். இடையில் மாடோ ஆடோ மேயலாம். குதிரையின் ஸ்ட்ராங்கைல் புழு அவற்றின் வயிற்றில் பிழைக்காது.

இப்போது யாரும் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொள்கிறேன். மகள் ஏறும் குதிரை ஐந்தில் ஒன்றாம், நிறைய முட்டை போடுகிற கட்சி. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.