ஆகஸ்ட் 5: ஓர் உள்ளூர் விடுமுறையின் வரலாறு

ஆயத்த ஆடைக் கொள்முதலுக்காகப் புதியம்புத்தூர் வரும் வெளியூர் வணிகர், ஆகஸ்ட் 5ஆம் நாளில் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருப்பதைக் காண்பர். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்காக மாவட்ட ஆட்சியர் வழக்கமாக அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அது. கடற்கரைப் பரதவரின் பெருவிழாவுக்குக் கரிசல் காட்டிலும் ஓய்வு!

இவ்விழாவின் வரலாற்றில் நம் முன்னோருக்கும் தொடர்புண்டு. 1530களில் முத்துக் குளிப்பு குறித்து முஸ்லிம்களுக்கும் பரதவருக்கும் மூண்ட பூசல் இரத்தக் களரியாயிற்று. பரதவர் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். 1538இல் வேதாளையில் போர்த்துகீசியரிடம் முஸ்லிம் கடற்படை தோல்வியுற்றது. 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயத் தகுதி பெற்றது. முத்துக்காக நம்மவர் மோதிக்கொண்டதில் ஆதாயம் கண்டவர் அந்நியரே என்பதை நாம் மறத்தலாகாது.

பயணிகள் அறியவேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்றுண்டு. உள்ளூர் விடுமுறை 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வருவதன்று. எனவே வங்கிகளுக்கு இது விடுமுறையாகாது. கருவூலங்கள் குறைந்த பணியாளருடன் இயங்கும். ஈடாக வேறொரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை, வேலைநாளாக அறிவிக்கப்படும். ஆகவே அவ்வாண்டின் ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்தே பயண நாளைக் குறிக்கவேண்டும். ஒட்டப்பிடாரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை இருப்போர் முன்னதாகவே முடித்துக்கொள்வது நலம். கொள்முதலுக்கு வருவோர் கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படலாம். ஜூலை 26இல் கொடியேறும் விழாவின் நிறைவு நாள் இதுவாதலால், தூத்துக்குடியில் தங்க நினைப்போர் விடுதியில் முன்பதிவு செய்வதும், நெரிசலுக்கென்று கூடுதல் நேரம் ஒதுக்குவதும் அவசியம்.

ஓய்வு கிடைத்தோர், கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையைக் காணலாம். எட்டயபுரத்தில் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் அடக்கத்தலத்தில் ஸியாரத் செய்யலாம். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, எட்டயபுரம் அரசவையில் புலவராக வீற்றிருந்தவர் அவர். கடற்கரையில் நம்மவர் பகைத்துநின்றதும் இம்மண்ணின் வரலாறே. ஒரு முஸ்லிம் மாணவருக்கு இந்து ஆசான் தமிழ் ஊட்டியதும் இம்மண்ணின் வரலாறே. இரண்டையும் அறிந்து திரும்புவதே பயணத்தின் பயன்.