கைத்துப்பாக்கியும் உரிமச் சீட்டும்



திருக்கடையூர் நீண்ட ஆயுளை வேண்டுவோர் வந்து சேரும் தலம். அறுபது நிறைந்தவரும் எண்பது கண்டவரும் இங்கே வந்து விழா எடுத்துச் செல்கின்றனர். அவ்வூரில் வாழ்பவன் உயிரைப் பறிக்கும் கருவியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அக்கருவியின் வரலாறு எங்கள் பகுதிக்கு அயலானதன்று. எங்களுக்கு வடக்கே சீர்காழிப் பக்கத்து எருக்கூர், நீலகண்ட பிரம்மச்சாரி பிறந்த ஊர். தெற்கே காரைக்கால், அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஊர். இவ்விரண்டின் பொருத்தமும் போகப் போக விளங்கும்.

பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில் மாணவர் அடிக்கடி கேட்ட வினா ஒன்றுண்டு: "ஐயா, வாஞ்சிநாதன் துப்பாக்கியை ஏன் கடையில் வாங்கவில்லை?" சிறு பிள்ளைகள் கேட்டதாயினும் பெரிய வினா. அதற்கு விடை காணச் சட்டத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1878-ஆம் ஆண்டில் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று மக்களின் கையைக் கட்டியது. முதலாவதை 1882-இல் ரிப்பன் பிரபு நீக்கினார். இரண்டாவதாகிய ஆயுதச் சட்டமோ நிலைத்து நின்றது. உரிமச் சீட்டு இன்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை. ஒளித்து வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை. கடைகள் இல்லாமலில்லை, சீட்டு இல்லாதவனுக்கு அவை இல்லாதவையே.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார். மனத்தைப் புண்படுத்தியது வேறொன்று. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிகள் விலக்களித்திருந்தன. வெள்ளைக்காரர் சீட்டின்றி ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் நடக்கலாம். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பும் குடியானவனோ கலெக்டர் கச்சேரியில் மனுவோடு காத்து நிற்க வேண்டும். 1887-இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இச்சட்டத்தைத் தளர்த்துமாறு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அரசு செவிசாய்க்கவில்லை.

இனிக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். ரிவால்வர் என்பது சுழலும் உருளையில் தோட்டாக்களைத் தாங்குவது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் படையில் 1887 முதல் வழங்கிய வெப்லி ரிவால்வர் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. உறையிலிட்டு வெளிப்படையாக அணிவதற்கே உரியது. நூற்றாண்டின் இறுதியில் ஜான் பிரௌனிங் வகுத்து, பெல்ஜிய நாட்டில் செய்த கைத்துப்பாக்கியில் உருளை இல்லை. கைப்பிடிக்குள்ளேயே ஏழு தோட்டாக்கள் அடங்கும். தட்டையானது, இலேசானது, சட்டைப்பையில் மறையக்கூடியது. இடுப்பில் தொங்கிய ரிவால்வர் ஆள்வோரின் அடையாளமாக விளங்கியதென்றால், பைக்குள் மறையும் பிரௌனிங் அவர்களை எதிர்ப்போரின் கருவியாயிற்று.

1909-இல் லண்டனில் இருந்த சாவர்க்கர், இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியின் போலி அடித்தட்டில் மறைத்து, சதுர்புஜ் அமீன் என்னும் சமையற்காரர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது. லண்டனில் சாவர்க்கரின் தோழராக இருந்த வ.வே.சு. ஐயர் 1910-இல் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. எங்கள் காரைக்காலைப் போலவே புதுச்சேரியும், வண்டிப்பாதையில் ஓர் எல்லைக்கல்லைத் தாண்டினால் வேறொரு சட்டம் ஆளும் நிலமாக இருந்தது.

நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சென்று இரகசியச் சங்கத்திற்கு ஆள் திரட்டினார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் அதில் சேர்ந்தார். புதுச்சேரி சென்று ஐயரிடம் சுடப் பயின்றார். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில், மனைவியுடன் இரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைப் பெல்ஜியப் பிரௌனிங்கால் சுட்டார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஒன்றை இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் துப்பாக்கிக்கு உரிமச் சீட்டு வழங்கும் அதிகாரி மாவட்ட மாஜிஸ்திரேட்டாகிய கலெக்டரே. சட்டப்படி வாங்குவதாயின், செங்கோட்டை இளைஞர் போன்ற ஒருவர் எந்த ஆட்சியை எதிர்த்தாரோ அந்த ஆட்சியின் கச்சேரி வாயிலில்தான் மனுவோடு நின்றிருக்க வேண்டும். மாணவர் வினாவுக்கு விடை இதுவே.

அக்குண்டு ஆட்சியை அசைத்ததா? இல்லை. இரு மனைவியர் விதவையாயினர். பலர் சிறை சென்றனர். நீலகண்டருக்கு ஏழாண்டுத் தண்டனை. பிற்காலத்தில் அவர் மைசூர்ப் பகுதியில் நந்திமலை அடிவாரத்தில் ஓம்கார் என்னும் பெயரில் துறவியாக வாழ்ந்து, 1978-இல் மறைந்தார். வாஞ்சியின் தியாகத்தை நாம் மதிக்கிறோம். நிலையத்திற்கும் அவர் பெயரை இட்டிருக்கிறோம். ஆனால் விடுதலையைக் கொணர்ந்தது பைக்குள் மறைந்த கருவியன்று, மறைவின்றித் தெருவில் நடந்த பல இலட்சம் மக்களே.

1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதும் குடிமக்களின் உரிமை என்று அறிவித்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதைச் சேர்க்க முயன்றார், சபை ஏற்கவில்லை. மாறாக, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. 2014-இல் கான்பூரில் அரசுத் தொழிற்சாலை அரைக் கிலோ எடையில் செய்து வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரை வாங்குவோரும் முதலில் சீட்டுப் பெற்றாக வேண்டும்.

சீட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் தோலின் நிறம் பார்த்து ஒருவனை நம்புவதும் மற்றொருவனை ஐயுறுவதும் ஒழிந்தன. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குற்றம் துப்பாக்கியைத் தடுத்ததன்று. ஒரு நாட்டு மக்களை அவர்கள் மண்ணிலேயே நம்பத் தகாதவர் என்று எழுதி வைத்ததே. அவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர்ந்துகொண்டால், வரலாற்றுப் பாடம் பயன் தந்தது எனலாம்.